இருப்புப் பதிவேடு

முதற் பக்கத்தில் பதினேழு சாமான்தான்.
கதிரை, மேசை, ஒரு ரோனியோ மெசின்,
மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு
(எதிரே 'இரசாயனவியல்' என்று எழுதினேன்),
ஒழுகுகிற கிழக்கு மூலைக்கு ஒரு வாளி.
வாளிக்கும் இலக்கம் போடுங்க என்றார் பதிவாளர்.
போட்டேன். பதினேழு.

வந்தாறுமூலைச் சந்தியில் பஸ் நின்றால்
கொண்டக்டர் 'பள்ளிக்கூடம் இறங்கு' என்பான்.
பொய்யில்லை, பழைய பள்ளிக்கூடம்தான்.
கரும்பலகை ஓரத்தில் யாரோ பெயின்ற்றால் எழுதிய
ஏழாம் வாய்ப்பாடு.
மிச்ச இடத்தில்தான் வகையீட்டுச் சமன்பாடு.
முதல் அணி சோதனை எழுதி முடிக்கும்வரை
ஏழெட்டு ஐம்பத்தாறு
அழியவேயில்லை.

மாரிக்கு முன் நுணுக்குக்காட்டி வந்தது,
ரயிலில், வைக்கோல் பெட்டிக்குள்.
ஆய்வுகூட நேசதுரை சைக்கிள் கரியரில் கட்டி
தான் ஏறாமல்
ஸ்டேசனிலிருந்து உருட்டியே வந்தான்.
பின்னேரம் வரிசையில் நின்று பார்த்தோம்,
வாவித் தண்ணீர் ஒரு துளி.
சமையல் பூரணவதி கண்ணை எடுத்துக் கேட்டாள்:
"இதயாகா இவ்வளவு நாளும் குடிச்ச?"

பிறகு தரம் உயர்ந்தது.
தகரப் பலகையில் 'பல்கலைக்கழகக் கல்லூரி'.
கல்லூரியை அழிக்கச் சொல்லி
ஏறாவூர் அலியாருக்கு ஓடர்.
சொன்னதை மட்டும் அழித்தார்.
'பல்கலைக்கழகக்' என்று
நடுவழியில் நின்றது பெயர்.
தமிழ் விரிவுரையாளர் வெயிலில் நின்று கத்தினார்,
ஒற்று! ஒற்றை எடும்!
அலியார் தூரிகையைத் துடைத்தபடி,
"இரிக்கட்டும் சேர், பின்னால ஏதும் வரும்."

வந்தது சனம்.
பாயோடும் பானையோடும் ஆட்டுக்குட்டியோடும்,
விரிவுரை மண்டபம், நூலகம், விறாந்தை முழுக்க.
ஸ்டோர்ஸ் சாவி என்னிடம்.
முதல் நாள் விறகு இருந்தது.
மூன்றாம் நாள் மரமுந்திரிக் கொப்பு.
ஆறாம் நாள் நான் கதவைத் திறந்தேன்.

கதிரை நன்றாக எரியும்.
முதுகில் எழுதிய இலக்கம்தான்
முதலில் கொப்பளிக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு.
கிடாரத்துக்கு மூடியில்லை என்று
பூரணவதி பெயர்ப்பலகையைக் கழற்றி வந்தாள்.
கஞ்சி ஆவியில் அலியாரின் வெள்ளை உரிந்து
ஒற்றுக்குப் பக்கத்தில்
கல்லூரி திரும்பவும் வந்து நின்றது.

ஒரு விடியல் பஸ்கள் வந்தன.
நேசதுரையும் ஏறினான். ஏற்றினார்கள்.
அதற்கு என்னிடம் பதிவேடு இல்லை.

திறந்த பிறகு கணக்காய்வு வினா:
'கதிரை 112 குறைகிறது.
பொறுப்பானவரிடம் அறவிடுக.'
மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.
நாலாவது ஒரே வரி:
உத்தியோகத் தேவைக்குப் பாவிக்கப்பட்டது.
ஏற்கவில்லை. மாதம் நாற்பத்தைந்து ரூபாய்
சம்பளத்தில் வெட்டினார்கள்.
அந்த வருசம் மூதூர்ப் பிள்ளைகளும் அக்கரைப்பற்றுப் பிள்ளைகளும்
நிலத்தில் இருந்து விலங்கியல் படித்தார்கள்.
அவர்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

புதுப் பீடத்துக்கு அத்திவாரம் வெட்டுகையில்
மண்வெட்டியில் டங் என்றது.
பதினேழாம் இலக்க வாளி, கவிழ்த்தபடி.
உள்ளே சாக்குச் சுற்றிய நுணுக்குக்காட்டி,
நேசதுரையின் முடிச்சு,
இரட்டைச் சுருக்கு. அவிழ்க்க எனக்கு அரை மணி.
வில்லையில் பூஞ்சணம்.
'குறைவு' என்று சிவப்பில் எழுதிய இரண்டையும்
நீலத்தில் வெட்டினேன்.

கடைசித் தவணை கழிந்த மாதம் பட்டமளிப்பு விழா.
களுவாஞ்சிக்குடியிலிருந்து வாடகைக் கதிரை,
பிளாஸ்டிக், லொறியில்.
பழக்கம், எண்ணினேன். நானூறு.
ஒன்றிலும் இலக்கமில்லை.
பின்னேரம் திரும்பிப் போய்விடுமாம்.