அரை

நகரியில் எங்கள் தெருவுக்குள்
விசைத்தறி ஓய்வது மின்வெட்டில் மட்டும்.
அந்த ஒரு மணி நேரம்தான்
மாடி வகுப்பின் தட்டுக்கழி
என் தையல் மிஷின் வரை இறங்கி வரும்.
மற்ற நேரமெல்லாம் தறியே தாளம் போடும்,
யாருக்கென்று இல்லாமல்.

ஆண்டு விழாவுக்கு ஒன்பது உடை.
ஒன்பது பெண்கள் வரிசையாக வந்து
கையைத் தூக்கி நின்றார்கள்.
டேப் தொட்டதும்
ஒன்பது வயிறும் உள்ளே போயிற்று.
எந்த அடவிலும் இல்லாத அசைவு,
ஒருத்திகூடப் பிசகவில்லை.

மௌனிகாவுக்கு முப்பத்தாறு.
வீட்டில் தமிழ் பேசுகிறவள்
என் காதருகே குனிந்து
"காஸ்த தக்குவ ராயக்கா" என்றாள்.
கொஞ்சம் குறைத்து எழுத வேண்டுமாம்.
வெட்கத்துக்கு அடுத்த மொழி வசதி.
வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெலுங்கு தெரியும்.

முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
நோட்டுக்கு என்ன வலிக்கப் போகிறது.
வெட்டும்போது மட்டும்
பக்கத்துக்கு இரண்டு அங்குலம்
உள்ளே மடித்து விட்டேன்.
சொல்லவில்லை.

ஒத்திகைக்கு ஊசியும் நூலுமாகப் போயிருந்தேன்.
மௌனிகா கடைசி வரிசை.
"உயரத்துக்காகத்தான்" என்றார் பிரசூனா டீச்சர்.
அவள் உயரம் நாலடி பத்து அங்குலம்.
என் நோட்டில் இருக்கிறது.

ததிங்கிணதொம்.
முதல் தடவை மூச்சைப் பிடித்தபடி கடந்தாள்.
ததிங்கிணதொம்.
இரண்டாவதில் கொக்கி தெறித்தது.
டப்.
தாளத்துக்குச் சரியாகத்தான் விழுந்தது, பாவம்.
பவ்யஸ்ரீ சிரித்தாள்.

ஓடிப் போவாள் என்று நினைத்தேன்,
கதவுப் பக்கம் நகர்ந்துகூட விட்டேன்.
அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.
பிறகு மூச்சை விட்டாள்.
எத்தனை நாள் மூச்சோ,
போய்க்கொண்டே இருந்தது.
வயிறு வெளியே வந்து
ஒட்டியாணத்தின் மேல்
தன் இடத்தில் உட்கார்ந்தது.

ஊக்கு குத்திவிட்டேன்.
மூன்றாவது தீர்மானத்துக்கு அரைமண்டி போட்டாள்.
அப்போது விரிந்தது விசிறி,
மடிப்பு மடிப்பாக, கடைசி மடிப்பு வரை.
தொடை தள்ளினால்தான் அது விரியும்.
பதினோரு வருடமாக விசிறி மடிக்கிறேன்,
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
தரையில் அவள் காலடி
பக்கத்துக் கட்டடத் தறிக்குப் பதில் சொன்னது.

ஜன்னலில் மூக்கு மலை தெரிந்தது.
எவ்வளவு பெரிய மூக்கு.
ரயிலில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான்
ஊர் வந்துவிட்டதென்று பையை எடுக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிச் சீருடையில் வந்தாள்.
"இப்ப எடுங்கக்கா." தமிழில்.
மூச்சு விடுகிற இடுப்புக்கு
ஒரே அளவு கிடையாது.
டேப் என் விரலுக்குள்
போவதும் வருவதுமாக இருந்தது.
கடைசியில் முப்பத்தாறரை என்றேன்,
முப்பத்தாறு போதும் என்றும் சொன்னேன்.
"அரையையும் எழுதுங்க."

அரை என்றால் பாதி.
அரை என்றால் இடுப்பும்தான்,
அரைஞாண் கட்டுகிற இடம்.
இரண்டையும் சேர்த்து எழுதினேன்.
உள்ளே விட்ட நாலு அங்குலமும் தீர்ந்தது.
மிச்ச அரைக்குக் கொக்கியை நகர்த்தினேன்.

வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர்
மறு அளவு கொடுக்க வந்தார்கள்.
ஒருத்தி பழைய அளவே சரி என்று
பாதி வழியில் திரும்பிவிட்டாள்.
அந்த நோட்டில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.
என் அளவு இல்லை. எடுத்ததில்லை.

பவ்யஸ்ரீ வரவில்லை.
அவள் பக்கத்தில்
இருபத்தாறு என்றே இருக்கிறது.
உள்ளே துணி விட்டிருக்கிறேன்.