இரண்டு நூல்

பெட்டியின் மேல் அறுபது சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது.
ஏகாம்பரம் அதைப் படிக்கவில்லை.
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
டேப்பை இழுத்தபடி கடப்பைக்கல்லுக்குக் கீழே நுழைந்து
உள்ளேயிருந்தே சொன்னார்:
"ரெண்டு நூல் பத்தலியேம்மா."

சத்துவாச்சாரி, ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி.
எட்டுக்கு ஆறு சமையலறை.
சிலிண்டர், அதற்கொரு மாற்று சிலிண்டர்,
நாலு நாளைக்கொருமுறை வரும் தண்ணீருக்குக்
காத்திருக்கும் நீல டிரம்,
எல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான்
கதவு சாத்தும்.

ராத்திரி முழுக்க ரத்தக்குப்பிகளுக்கு எண் ஒட்டிவிட்டு
வீடு வந்தால்
சிங்க் நிறைய நேற்று.
அந்த நேற்றைத்தான்
தவணை கட்டியாவது
யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்தேன்.

"செவுத்துப் பூச்சைக் கொஞ்சம் செதுக்கிட்டா போதும்,
இன்னா சொல்றீங்க?"
ஞானசேகர் செல்லில்
ஏதோ ஒரு குளிர் ஊர்ச் சமையலறையைக் காட்டினார்.
அங்கே சுவரே கண்ணில் படவில்லை.

எங்களுடையது நாலரை அங்குலச் சுவர்.
மூன்றாவது அடியில் உளி பூச்சைத் தின்றது.
ஐந்தாவதில் செங்கல்லை.
ஏழாவது அடிக்கு
அங்கே ஒன்றுமே இல்லை.

ஏகாம்பரம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓட்டை வழியாக இஞ்சிபூண்டு வாசனை வந்தது,
பிறகு கொஞ்சம் வெளிச்சம்,
பிறகு சோப்பு நுரையோடு நாலு விரல்,
அதில் உளி.

தாஹிரா. ஆறு வருஷமாகப் பக்கத்து வீடு.
படியில் பார்த்தால் சிரிப்போம்.
கரண்ட் போனால்
"உங்களுக்கும் போச்சா?"
அவ்வளவுதான்.
மணை போட்டு அவள் பாத்திரம் தேய்க்கிற மூலை
இதுதான் என்று எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
"காலையில ஏழரைக்கு நீங்க குக்கர் தேய்ப்பீங்க.
அதக் கேட்டுத்தான் நான் உக்காருவேன்."

சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஓட்டையில் கண்ணை வைத்தாள்.
"தேக்சா உள்ள போகுமா?"
"போகாதாம்."
"வடசட்டி?"
"கைப்பிடி இடிக்கும்."
அந்தக் கண் மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தது.
"அப்ப எதுக்கு?"

ஏகாம்பரம் சிரித்த சிரிப்பில்
ரசமட்டத்துக் குமிழி நகர்ந்துபோனது.

சாயங்காலம் கலவை வைத்து அடைத்தார்.
அவள் பக்கமும் போய்ப் பூசிவிட்டு டீ குடித்து வந்தார்.
காட்பாடி பஸ்ஸில் மூன்றுபேர் சீட்டுக்கு
நாலாவதாய் வந்த ஆள் மாதிரி
இடுப்பை ஒரு அசைப்பு அசைத்து
மெஷின் உட்கார்ந்துகொண்டது.
போர் தண்ணீரின் உப்பைச் சமாளிக்க
ஒரு கிலோ உப்பு கேட்டது.
போட்டேன்.

மறுநாள் ஏழரை.
இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்று
பச்சை எழுத்தில் காட்டிவிட்டு அது உள்ளுக்குள் முனகத் தொடங்கியது.
தூங்கப் போயிருக்கலாம்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

உள்ளே போகாத வடசட்டியை எடுத்தேன்,
நாரை நனைத்தேன்,
இரண்டு தேய்ப்பு தேய்த்தேன்.

"போகலியா?" என்றது சுவர்.

"கைப்பிடி" என்றேன்.