எழுபதுக்கு எவ்வளவு

டுலூத்தில் நவம்பர்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று
எனக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது.
ஆர்வோ நீமியின் மேசையில் ஒரே ஒரு விளக்கு,
அதன் கீழே கறுப்பு வெல்வெட்,
வெல்வெட்டில் இரண்டு வெள்ளி டாலர்கள்.
இரண்டும் 1881, இரண்டும் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை.
பிளாஸ்டிக் பெட்டியின் நெற்றியில் மதிப்பெண்:
ஒன்றுக்கு அறுபத்தாறு.
மற்றதற்கு அறுபத்து மூன்று.

மொத்தம் எழுபது.
நான் வளர்ந்த வீட்டில் என்றால்
மீதி நாலு எங்கே போச்சு என்று கேட்டிருப்பார்கள்.

அறுபத்தாறின் கன்னத்தில் சுத்தமாகக் கீறல் இல்லை.
லென்ஸ் வைத்துத் தேடினால்
கழுத்தோரம் ஒன்று, மயிரிழை.
ஆனாலும் அந்தப் பெண்முகம்
ஆறிப்போன இட்லி போல் இருந்தது.
குறை சொல்ல முடியாது. கை நீளவும் இல்லை.

அறுபத்து மூன்றுக்குக் கன்னமெல்லாம் வடு.
மூட்டைக்கு ஆயிரம் காசாக
வண்டியேறி, இறங்கி, எறியப்பட்டு
ஒன்றையொன்று இடித்த வடு.
ஆனால் விளிம்பிலிருந்து உள்நோக்கி
மயில்கழுத்து நிறம் கசிந்திருந்தது.
பிறகு மாதுளை. பிறகு
என்னிடம் பெயர் இல்லாத ஒரு மஞ்சள்.
மூட்டைத் துணியின் கந்தகம்
யாரும் கேட்காமல் வருஷக்கணக்கில் தீட்டியது.
சற்றே சாய்த்தேன்,
வெளிச்சம் வண்டிச் சக்கரமாகச் சுற்றி வந்தது.

ஆர்வோ என்றால் ஃபின்னிஷ் மொழியில்
மதிப்பு என்று பொருளாம். அவரே சொன்னார்.
"சிலர் பெட்டியை வாங்குவாங்க, சிலர் காசை.
ஐம்பத்தெட்டு பாத்திருக்கியா?
நாலு கை மாறினது.
காதுக்கு மேல கூந்தல்ல கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும், அவ்வளவுதான்.
அறுபத்தொண்ணு பக்கத்துல வச்சா
அறுபத்தொண்ணுக்கு வெட்கமாயிடும்."

என் கைப்பையில் மூன்றாவது பெட்டி இருந்தது.
ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.
எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில்
'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும்.
சுத்தத்தைக் குற்றமாக எழுதிப்
படித்தது அதுதான் முதல் தடவை.

பூவராகன் செய்த வேலை.
என் பிறந்தநாளுக்கு முந்தின இரவு
எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பணி.
மேசையில் கறுத்துக் கிடந்த காசை எடுத்து
சம்புடத்துத் திருநீறு கொஞ்சம்,
கிழிந்த பனியன் கொஞ்சம்,
வெள்ளி விளக்கைத் துலக்குவது போலத் துலக்கி
காலையில் தட்டில் வைத்து நீட்டினார்.
"பாரு, புதுசு!"
பளபளவென்று இருந்தது.
சாய்த்தேன். வெளிச்சம் சுற்றவில்லை,
ஒரே இடத்தில் நின்று முறைத்தது.
அழகா இருக்கு என்றேன்.
ஒருவேளை என்ற நப்பாசையில்தான் அனுப்பினேன்.

ஆர்வோ லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
அதை வெகுநேரம் பார்த்தார்.
மற்ற இரண்டையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.
"வலது கைக்காரர்," என்றார்.
"கோடெல்லாம் சின்னச் சின்ன வட்டம்.
அவசரமே இல்ல. ஒரு ஓரம் கூட விடல."
பிறகு, "விலை ஒண்ணும் வராது" என்று
மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

அறுபத்து மூன்றை வாங்கினேன்.
காரில் ஹீட்டர் சூடேற நேரமாயிற்று.
கூரை விளக்கைப் போட்டு
எண்ணில்லாததைத்தான் எடுத்தேன்.
சாய்த்தேன், இன்னும் சாய்த்தேன்.
சுற்றவில்லை.
கோடுகளை மட்டும் பின்தொடர்ந்தேன்,
வட்டத்துக்குள் வட்டமாக, கன்னம், காது, கூந்தல்.
தூரத்தில் இரும்புத்தாதுக் கப்பலொன்று ஊதியது.

போன் அடித்தது.
"ரிசல்ட் வந்துச்சா? எழுபதுக்கு எவ்வளவு?"

"இன்னும் திருத்தலையாம்," என்றேன்.