வெளியே போக ஒன்பது

மாசிக்கும் பங்குனிக்கும் சேர்த்து
பில் வந்தது, இருபத்தாறு பக்கம்.
வழமையில் இரண்டு.

உட்துறைமுக வீதி, கப்பல் ஏஜென்சி, மேல்மாடி.
சுவரில் சாம்பல் நிறப் பெட்டி,
பதினாறு இணைப்பு, நாலு வெளி லைன்.
பூட்டியவன் நான்.
உள்ளே கதைக்க இரண்டு இலக்கம்,
வெளியே போக ஒன்பது.
இந்த ஊரில் மனிதர் வெளியே போக
பாஸ், கடிதம், இரண்டு போட்டோ,
சீனன்குடாவில் பையைக் கொட்டிக் காட்டுதல்.
பெட்டிக்கு ஒன்பது போதும்.

இன்னொரு வாசலும் வைத்தேன்,
கொழும்பு முதலாளி கேட்டதற்காக.
இரவில் வீட்டிலிருந்து எங்கள் நம்பருக்கு அடிப்பார்,
ஒரு பீப், நாலு இலக்கம்,
பிறகு கம்பனிச் செலவில் சிங்கப்பூர்.
அந்த நாலு இலக்கம் பெட்டியோடு வந்தது.
கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்,
முதல் நாளே மாற்றவும் என்று தடித்த எழுத்தில்.
முதல் நாள் மழை.
கடைசி பஸ் ஐந்தரைக்கு.

இப்போது பில்லில்
ரொறன்ரோ, பரிஸ், ஒஸ்லோ, பேர்ண்,
பெயர் வாயில் வராத ஒரு தீவுக்கு எழுபது நிமிடம்.
எல்லாம் இரவு.
இரவில் கட்டடத்தில் இருப்பது அஸ்வர்.
ஆகவே அஸ்வர்.
கிண்ணியாக்காரன், ஒன்பது வருஷக் காவல்,
மேல்மாடித் திறப்பே அவனிடம் இல்லை.
விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள்.
டோர்ச்சை மேசையில் வைத்தான்.
பற்றரி என்னுடையது என்று
இரண்டையும் கழற்றிக்கொண்டு
கடைசிப் பாதை பிடிக்க இறங்குதுறைக்கு நடந்தான்.

அன்றிரவு நான் தங்கினேன்.
எட்டு மணிக்குப் பிறகு றோட்டில் சனமில்லை,
மான்கள்தான்,
பஸ் நிலையத்துப் போஸ்டரை உரித்துத் தின்றுகொண்டு.
ஒன்பது இருபதுக்கு
ஒருவருமில்லாத மாடியில்
இரண்டாம் லைன் சிவந்தது.
ரிசீவரைக் கொளுவினேன்.
பீப். நாலு இலக்கம். ஒன்பது.
தயக்கமே இல்லாத விரல்.
"கதையுங்கோ அக்கா, ஆறு நிமிசம்."
பிறகு ஒரு பெண்:
"பெரியம்மா செத்ததை ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

அந்தக் கதையுங்கோவை எனக்குத் தெரியும்.

உப்புவெளி, குகதாஸ் கொமியூனிகேஷன்.
மூன்று பிளைவுட் கூடு, ஒரு மேசைவிசிறி,
சுவிஸ் நிமிடம் நாற்பது ரூபாய்.
மற்றக் கடைகளில் நூற்றிப்பத்து.
ஏன் மலிவு என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும்.

விடிய பில்லை விரித்தேன்.
பதினேழாம் பக்கம், மாசி பன்னிரண்டு,
இரவு எட்டு ஐம்பத்தொன்று, பேர்ண், நாலு நிமிடம்.
தம்பியின் நம்பர்.
பல்லுவலி எப்படி, அங்கே பனியோ,
கதைத்தது இவ்வளவும்தான்.
இருநூறு நீட்டினேன்,
மிச்சத்தில் பத்து ரூபாய்க்கு டொபி தந்தான் குகதாஸ்.
என் பெட்டி, நான் பூட்டாத வாசல்.
காசு கொடுத்து
நானே களவாகப் போய் வந்திருக்கிறேன்.

இலக்கத்தை மாற்றினேன். மூன்று நிமிட வேலை.
அன்றிரவும் லைன் சிவந்தது.
பழைய நாலு இலக்கம்,
பிறகு நீளமாய் ஒரு மூங்கைச் சத்தம்.
நாலு தரம்.
ஐந்தாம் தரம் விரல் தயங்கியது.

அறிக்கை எழுதினேன்.
வெளியார் ஊடுருவல், காவலாளிக்குச் சம்பந்தமில்லை,
அழைப்புப் பட்டியல் இத்துடன்.
குகதாசின் பெயரை எழுதவில்லை.
இந்த ஊரில் ஒரு பெயரை எழுதினால்
வாசிப்பது ரெலிக்கொம்காரன் மட்டுமல்ல.
பட்டியலில் ஒரு வரியையும் விட்டேன்.

ஜெனோவா மிஸ் கூட்டிப் பார்த்தா.
நானூற்றி நாற்பது ரூபாய் உதைத்தது.
பில்லில் விரலை வைத்துக் கீழே கீழே வந்தா,
பதினேழாம் பக்கத்தில் நின்றா.
அவசரத்துக்கு அறிவிக்க என்ற இடத்தில்
நான் எழுதிக்கொடுத்த நம்பர்
அவவின் அலுமாரிப் பைலில்தான் இருக்கிறது.
சில்லறைச் செலவுக் கொப்பியைத் திறந்து
தபால் முத்திரை, நானூற்றி நாற்பது என்று எழுதி
என்னிடம் கையெழுத்துக் கேட்டா.
தலை நிமிரவில்லை.

திங்கள் அஸ்வர் வந்தான்.
சேட்டுப் பொக்கற்றிலிருந்து
பற்றரி இரண்டையும் எடுத்துப் போட்டு மூடி,
எரிகிறதா என்று
என் முகத்தில் அடித்துப் பார்த்தான்.