பத்துக்கு எத்தனை

பாம்பன் ஏலக் கொட்டகையில்
பதினெட்டு வருஷமாக விலை கூவுகிறவன் நான்.
சீலாவோ ஊளியோ கணவாயோ
என் வாயிலிருந்துதான் அதற்கு விலை பிறக்கும்.
அந்த வாயை
ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல்
திறக்க விடாமல் செய்தது
கீழ்த்தாடையில் குறுக்கே படுத்துக் கிடந்த ஞானப்பல்.

ராமநாதபுரத்தில் டாக்டர் பரக்கத் நிஷா
அதை மூன்று துண்டாக உடைத்து எடுத்தார்.
கிண்ணத்தில் கிடந்தது, கரையொதுங்கிய சங்குச் சில்லு மாதிரி.
முப்பத்தொன்பது வயதில் வந்த ஞானம்
நாலு தையலோடு போயிற்று.

"வலி பத்துக்கு எத்தனை?" என்றார்.
தொழில் புத்தி.
முதல் கேள்விக்கே உண்மை விலையைச் சொல்பவன் எவன்?
நாலு விரல் காட்டினேன்.
அவர் ஏற்றிக் கேட்கவில்லை.
நாலுக்கு உண்டானதை எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளை மாத்திரை. பாரசிட்டமால்.
காய்ச்சலுக்கு விழுங்குகிற அதே ஆள்.
மரப்பு விட்ட சாயங்காலம்
பாலத்தில் ரயில் ஊர்கிற அதிர்வு
காது வரைக்கும் ஏறியது.
இரண்டரை மணி நேரம் தாங்கிப் பிடித்தான்,
பிறகு கைவிட்டான்.
நல்லவன்தான். ஒல்லி.

மறுநாள் ஜெசிந்தா போன் போட்டாள்.
நான் பக்கத்தில் நின்று ஏழு விரல் காட்டினேன்.
வந்தது சிவப்பு. ஐபுப்ரோஃபென்.
அரை மணியில் கச்சான் காற்று அடங்கி
கடல் குளமாகிவிட்டது,
ஆறு மணி நேரம்.
சாப்பிட்டுப் போடு என்றிருந்தார்கள்.
எதைக் கொண்டு மெல்ல?
வெறும் வயிற்றில் போட்டேன்.
நெஞ்சுக்குழியில் யாரோ விறகு தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் மச்சினன் சூசை
தன் முதுகுக்கு வாங்கிய காப்ஸ்யூல் ஒன்றைத் தந்தான்.
டிரமடால்.
வலி போகவில்லை,
நாலு பாகம் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது.
அங்கிருந்து கையசைத்தது.
நான் யாருடைய வீட்டில் படுத்திருக்கிறேன் என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
இரண்டு தடவை வாந்தி. தையலில் ரத்தம்.
அடுத்தவன் மாத்திரையைத் தொட்டதற்கு
டாக்டரிடம் வாங்கியது தனிக் கணக்கு.

பேச முடியாதவனுக்கு எழுத்துதான் துணை.
ஏல நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தேன்:
எத்தனை மணி நேரம், வயிறு எப்படி,
தூக்கம் உண்டா, மாத்திரை என்ன விலை.
ஒரு தரம், ரெண்டு தரம்.
சிவப்பே ஜெயித்தது, கஞ்சிக்குப் பிறகு என்றால்.

நாலாம் ராத்திரி மூன்று மணி.
அட்டை காலி.
அலமாரி, மாதா படத்துக்குப் பின்னால், சட்டைப் பை,
எங்கும் இல்லை.
கடைசியில் ஜெசிந்தாவின் சாப்பாட்டுப் பையில் கை விட்டேன்.

அதே சிவப்பு.
பத்தில் ஏழு குழி உடைந்திருந்தது.
அதன் அடியில் இன்னொரு அட்டை, முழுக்கக் காலி.
அதன் அடியில் மண்டபம் மருந்துக்கடைச் சீட்டு,
போன மாதத் தேதி.

நண்டுக் கம்பெனியில் அவளுக்கு ஒன்பதாவது வருஷம்.
விடியலிலிருந்து ஐஸில் கிடந்த நண்டை உடைத்து
சதை வேறு ஓடு வேறாகப் பிரிக்கிற வேலை.
தினம் மத்தியானம் டப்பாவைத் திறக்கிறபோது
ஒன்று உடைத்துப் போட்டிருக்கிறாள் போல.
அவளைப் பத்துக்கு எத்தனை என்று
ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் உட்பட.

விளக்கைப் போட்டேன்.
அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
வாய் வராததால் என் பத்து விரலையும் விரித்து
புருவத்தால் கேட்டேன்.

கண் கூசிக்கொண்டு பார்த்தாள்.
"மடங்குற விரலை எண்ணிச் சொல்லவா,
மடங்காததையா?"

பிறகு எழுந்து போய்
ராத்திரிக் கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.
"குடிச்சிட்டு ஒண்ணு போடு. எனக்கு ரெண்டு இருக்கட்டும்.
நாளைக்குக் கொள்ளை நண்டு வருதாம்."

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனேன்.
முதல் கூடை நண்டு.
கிலோவுக்கு இருநூற்றைம்பது என்று தொடங்குவது வழக்கம்.
வாயைத் திறந்தேன்.
தாடை கடகடத்தது.
வியாபாரிகள் காத்திருந்தார்கள்.
எனக்குத் தொகை வரவில்லை.