மாவு மில்லின் டீசல் நோட்டு

மலாவி ஏரியின் மேற்குக்கரையில்
நாற்பத்தியொரு ஊர்.
தூரம் கூடக் கூட
ஆஸ்பத்திரிக்கு வரும் பிரசவங்கள் குறையவேண்டும்.
என் திரையில் கோடு ஒழுங்காகத்தான் சரிந்தது.
ஒரு புள்ளி மட்டும்
கோட்டுக்கு வெகு கீழே, இடது மூலையில்.
சிசாலா. நடந்தால் பத்து நிமிஷம்.
மூன்று வருஷத்தில் ஒன்பது பிரசவம்.

"தூக்கிவிடலாம் இதை" என்றேன்.
"நூற்றறுபது வீடு இருக்கிறது அங்கே,
எப்படித் தூக்குவாய்?" என்றாள் தியொங்கே.
நோட்டும் ஒரு சோப்புக்கட்டியும்
எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து நாள் அந்தப் பெண்களோடு
உசிபா மீன் உலர்த்தினாள்.
மரவள்ளி விலை, வலையில் விழுந்த கிழிசல்,
யாரோ ஒருத்தியின் ஓடிப்போன புருஷன்.
ஆறாம் நாள் தொரோஃபே சொன்னாள்:
"எல்லாம் அந்த மில்லால்தான்.
பிரசவ அறைக்கும் அதற்கும் நடுவே ஒற்றைச் சுவர்.
வாசலில் சோளமூட்டையோடு
என் மாமனார் உட்கார்ந்திருப்பார்.
தூரத்து ஊர்க்காரிக்கு என்ன,
அவள் குரல் இங்கே யாருக்கும் தெரியாது."

'மில்லை இடம் மாற்றவேண்டும்'
என்று எழுதிக்கொண்டு வந்தாள் தியொங்கே.
படித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமலிருந்தேன்.
தூரத்தை அளக்கத் தெரிந்த எனக்குக்
கிட்டத்தை அளக்க ஒரு கோலும் இல்லை.

ஆனாலும் பழக்கதோஷம்.
மில்கார வைசனிடம் டீசல் நோட்டைக் கேட்டு வாங்கினேன்.
பக்கமெல்லாம் மாவு.
எஞ்சின் ஓடிய மணி, நின்ற மணி.
ஒன்பது பிரசவத்தையும் அதன்மேல் வைத்துப் பார்த்தால்
எட்டு,
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது.

இரண்டுபேரும் திரும்பப் போனோம்.
தொரோஃபே விழுந்து விழுந்து சிரித்தாள்.
"மில் ஓடினால் யார் கத்துவது யாருக்குக் கேட்கும்?
டீசல் தீர்ந்த நாட்களைச் சொன்னேன் நான்.
இவள் அதைக் கேட்கவில்லை.
நீ கேட்க வரவே இல்லை."

தியொங்கே ஒரு வரியை அடித்தாள்.
எட்டு என்பது ஒரு எண்ணே இல்லை,
எந்தச் சோதனையும் அதைத் தாங்காது என்றேன்.
தொரோஃபே ஒருத்திதான், ஊர் இல்லை என்றாள் அவள்.
அறிக்கையில் பதினான்காம் பக்கத்தில்
ஒரு வாக்கியம் வரை வந்து சேர
எங்களுக்கு மூன்று இரவு பிடித்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன மதியம்
எஞ்சின் இரண்டு தரம் இருமி
நின்றது.
வரிசையில் நின்றவர்களின் பேச்சு துலங்கியது.
ஒரு கோழி. அப்புறம் ஏரி.
காலையில் சிசாலாவிலிருந்து வந்த பெண்
உள்ளேதான் இருந்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரும் கத்தவில்லை.