வலது மூலை

விரல் முட்டியால் தட்டினேன்.
வார்ப்பிரும்பு. நின்று ஒலித்து அடங்கியது.
மாற்றுவதென்றால் சம்மட்டியால் உடைத்து
மூன்று மாடி சாக்கில் சுமந்து இறக்க வேண்டும் என்றேன்.
நாலாயிரம் டாலர், ஒரு வாரத் தூசி.
பூசினால் நானூற்று எழுபத்தைந்து;
இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

விலெட்டா ப்ரூயிட் சீருடையைக் கழற்றாமல் நின்றிருந்தார்.
க்ளீவ்லாந்தில் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
"எட்டு மணி நேரம் எனக்குக் கீழே எல்லாம் நகர்கிறது.
நகராதது இந்தத் தொட்டி ஒன்றுதான். உடைக்காதே.
போன தடவை வந்தவன் பதினைந்து வருஷம் தாங்கும் என்றான்.
ஆறு முடியவில்லை, உரிகிறது.
செவ்வாய்க்கிழமை என் முதுகில் ஒட்டிக்கொண்டு
யூக்ளிட் அவென்யூ முழுக்க வந்திருக்கிறது ஒரு சில்லு,
டிக்கெட் இல்லாமல்."
தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்,
தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

ஜன்னலைத் திறந்தேன்.
ஏரியிலிருந்து பிப்ரவரி நேராக உள்ளே வந்தது.
புகை உறிஞ்சும் குழாயை வெளியே தொங்கவிட்டு
முகமூடியை இறுக்கிக்கொண்டு
கத்தியை வைத்தேன்.

இடது பக்கம் இணங்கவில்லை.
அங்குலத்துக்கு அங்குலம் சண்டை போட்டது.
நான்காவது பிளேடு மழுங்கியபோது
செய்தவனை மனசுக்குள் பாராட்டக்கூடச் செய்தேன்.
வலது மூலையில், குழாய்க்குக் கீழே,
ஆறின பாலில் ஆடை எடுப்பதுபோல்
முழுசாக வந்துவிட்டது கையோடு.
அடியில் அதற்கும் முந்தைய பூச்சு, வெளிர் ரோஜா,
ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று.
உப்புத்தாள் அங்கே போகவே இல்லை.
அமிலம் போகவே இல்லை.
வழுக்குகிற தரையில் ஒருவனை நிறுத்தி
நில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

யாரடா இவன் என்று திட்டிக்கொண்டே
சுவரோரச் சிலிக்கானைப் பிடுங்கினேன்.
அதன் முனையில் ஒரு கட்டைவிரல் தடம்,
இடப்பக்கம் கொக்கிபோல் வளைந்து.
நான் இடக்கைக்காரன்.
என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன்.
வைக்காமலே தெரியும்.

அப்போது கதவு பச்சை நிறம்.
அன்றைக்கு அது மூன்றாவது தொட்டி;
பார்மாவில் நான்காவது காத்திருந்தது.
அமிலப் புட்டி காலி.
இன்னொன்று வேனில், மூன்று மாடி கீழே.
வெள்ளை அடித்தால் எல்லாம் வெள்ளை என்று நினைத்தேன்.
முழுப் பூசணிக்காயை மறைக்க ஒரு தட்டுச் சோறாவது வேண்டும்;
எனக்கு அரை மில்லிமீட்டர் போதுமாக இருந்தது.

ரோஜாவைச் சுரண்ட ஒரு பகல் முழுக்க ஆயிற்று.
பூசியவர் பெயர் தெரியாது, ஆண்டு தெரியாது.
அவருடைய வலது மூலை
இடது மூலையைப் போலவே இருந்தது.
அங்கே மண்டியிட்டுத்தான் சுரண்ட முடியும்.
வசதியாகப் போயிற்று.

பிறகு அமிலம், பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி.
மூன்று பூச்சு.
வலது மூலைக்கு நான்கு.
(நான்காவதால் ஒரு பயனும் இல்லை. தெரியும்.)

சனிக்கிழமை விலெட்டா வந்தார்.
குனிந்து புறங்கையால் தடவினார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"எத்தனை வருஷம்?"
காசோலைப் புத்தகம் திறந்திருந்தது.

முகமூடியைக் கழற்றினேன்.
போன தடவையும் நான்தான் என்றேன்.
மூலையைக் காட்டினேன். புட்டியைச் சொன்னேன்.
மாடியைச் சொன்னேன்.

சொட்டு விழாமலிருக்கக் குழாயில் கட்டியிருந்த
பிளாஸ்டிக் கோப்பைக்குள் ஒரு துளி விழுந்தது.
இன்னொன்று விழும்வரை அவர் பேசவில்லை.
காசோலைப் புத்தகத்தை மூடிக் கைப்பையில் போட்டார்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

"என் தங்கை வீட்டு ஷவரும் உரிகிறது" என்றார்.
"டிசம்பரிலிருந்து. அதுவும் நீதானா?"

நினைவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றேன்.

"வேனை எடு. நான் முன்னால் போகிறேன்."

இறங்கும்போது படிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.
அவ்வளவுதான்.